கீச்சுச் செருப்பு

நாணல்திட்டு
ஏப்ரல் 27

அன்புத் தங்கை சுடர்விழிக்கு,

அக்கா செந்தாமரை எழுதுகிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் மூச்சு விடு. பூவிழி நன்றாக இருக்கிறாள். இப்போதுதான் பழைய சோறும் மாவடுவும் தின்றுவிட்டு என் முந்தானையில் வாயைத் துடைத்தாள். நானும் உன் மாமாவும் சுகம். நீயும் மாப்பிள்ளை மணிவண்ணனும் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? நீ சாப்பிட்டிருக்க மாட்டாய்.

போனை ஏன் எடுக்கவில்லை என்று திட்டிக்கொண்டிருப்பாய். டவர் இல்லை. சிக்னல் இல்லை என்று சொல்லவில்லை, டவரே இல்லை. நெடுங்கழுத்தான் ஒன்று முதுகு சொறிந்துகொள்ள அதன்மேல் சாய்ந்தது. அது சொறிந்து முடித்தபோது டவர் பஞ்சநதம் வீட்டு வாழைக்கொல்லையில் படுத்திருந்தது. கரண்டும் அதோடு போயிற்று.

நீ டி.வி.யில் பார்த்ததெல்லாம் உண்மைதான். கொள்ளிடத்தில் மணல் லாரிக்காரர்கள் தோண்டிப்போட்ட பெரும்பள்ளத்துக்குள்ளிருந்துதான் வருகின்றன. அங்கே காற்று வெந்நீர்ப் பானைக்கு மேலே ஆடுகிற மாதிரி ஆடுகிறது. அந்த ஆட்டத்துக்கு அப்பால் வேறு காலமாம். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டும்போது கல்லாய்ப் போன முட்டை கிடைக்குமே, அதன் சொந்தக்காரர்கள் உயிரோடு வந்து நிற்கிறார்கள். நெடுங்கழுத்தான்கள் இலை தழை தின்கிறவை. பயம் மற்றதுக்குத்தான். நெற்றியில் கட்டைக் கொம்பு ஒன்று இருப்பதால் ஒத்தக்கொம்பன் என்று பெயர் வைத்திருக்கிறோம். ஊரைக் காலி செய்ய வந்த வேனைத் துரத்திக்கொண்டு அது காவேரிப் பாலம் தாண்டிப் போய்த் திரும்பி வந்தது. அன்றோடு பாலத்தை மூடிவிட்டார்கள். உள்ளே இருப்பவர்கள் உள்ளே, வெளியே இருப்பவர்கள் வெளியே.

பள்ளிக்கூட மாடியில் ட்ரோன் வந்து தபால் பையைப் போட்டுவிட்டுப் போகிறது. வீட்டுக்கு ஒரு உறைதான். அதனால் முடிக்கிறேன். உன் நர்ஸ் பயிற்சி முடிகிற வரைக்கும் ஒரு மாதம் பிள்ளையைப் பார்த்துக்கொள் என்று விட்டுப் போனாய். கொஞ்சம் கூடப் பார்த்துக்கொள்கிறேன், அவ்வளவுதான்.

உன் அக்கா,
செந்தாமரை


வேதாரண்யம்
மே 6

அக்காவுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் தெருவிலேயே உட்கார்ந்துவிட்டேன். நாங்கள் இருக்கிறோம். சுகம் என்று எழுத வரவில்லை. மாமாவுக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது? நீ மாத்திரையை நிறுத்தாதே.

நான் இரண்டு தடவை தென்கரைக்கு வந்துவிட்டேன். கம்பிவேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தால் நம் ஊர்த் தென்னைக்கு மேலே ஒரு கழுத்து மட்டும் தெரிந்தது. அது மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தது போல இருந்தது. என் பிள்ளை அதற்குக் கீழே எங்கோ இருக்கிறாள். போலீஸ்காரர், "போங்கம்மா, நின்னு என்ன ஆகப்போவுது"ங்கிறார். நின்றால் எனக்கு ஆகிறது.

அக்கா, பூவிழிக்கு மாசித் திருவிழாவில் அவள் அப்பா வாங்கிக்கொடுத்த கீச்சுச் செருப்பைப் போட்டுவிடாதே. எட்டு வைக்கும்போதெல்லாம் கீச் கீச்சென்று ஊரையே கூப்பிடும். அதை ஏன் வாங்கினோம் என்று அவர் தலையில் அடித்துக்கொள்கிறார்.

ஆற்று மணலில் முட்டை கிடந்தால் யாரும் தொடக் கூடாது என்று டி.வி.யில் சொல்கிறார்கள். ஊரில் எல்லாருக்கும் சொல். குறிப்பாக அம்சம் அக்காவுக்குச் சொல்.

சுடர்


நாணல்திட்டு
மே 20

அன்புள்ள சுடருக்கு,

இங்கே மூவரும் சௌக்கியம். உன் மாமா முட்டி இப்போது வலிப்பதில்லை, ஓட வேண்டியிருப்பதால் மறந்துவிட்டது போலிருக்கிறது. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

முட்டையைத் தொடக் கூடாது என்ற உன் உத்தரவு வந்து சேர்ந்தது. கொஞ்சம் தாமதமாக.

நடவுக்கு ஆள் கூட்டிவருகிற அம்சம் அக்காவை உனக்குத் தெரியும். மணலில் கிடந்த முட்டைகளை ஆம்லெட் போடலாம் என்று பையன்கள் கூடையில் கொண்டுவந்தார்கள். அம்சம் அக்கா மறித்துக்கொண்டாள். "சினை முட்டைய வயித்துல போட்டா வம்சம் வெளங்குமாடா?" என்று வாங்கிக்கொண்டு வந்து, நம் மாட்டுக்கொட்டகை உமிக்குவியலில் புதைத்துவிட்டாள். வாத்து முட்டையை அடை வைப்பது போலத்தான். பூவிழி தினமும் அந்த உமியைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். ஆமாம், செருப்போடுதான். கழற்றினால் உருண்டு அழுகிறாள். உன் பிள்ளை உன்னைப் போலத்தானே இருப்பாள்?

மூன்று பொரித்தன. ஆட்டுக்குட்டி உயரம், கழுத்து மட்டும் புடலங்காய். கண் திறந்ததும் நேராகப் பூவிழியிடம் போய் நின்றன. அவள் நடந்தால் நடக்கின்றன, உட்கார்ந்தால் உட்காருகின்றன. இட்லி, வடை, சட்னி என்று அவளே பெயர் வைத்திருக்கிறாள்.

குஞ்சுகள் இருக்கும் இடத்துக்குப் பெரியவை வந்துவிட்டன. எல்லாம் நம் வயலில்தான். காலையில் எழுந்து பார்த்தால் சாணி, வைக்கோல்போர் உயரத்துக்கு. கோடையில் ராமநாதபுரத்துக்காரர்கள் ஆட்டைக் கொண்டுவந்து எருவுக்காக வயலில் கிடை போடுவார்களே, அதற்குக் கூலி கொடுப்போமே, இது கூலி இல்லாத கிடை. நம் அப்பா பிறத்தியார் வயலில் குனிந்தே கிடந்து வாங்கிய ஆறு மா நிலம், இவ்வளவு எருவை அதன் ஆயுசில் கண்டதில்லை. ஊரே தங்கள் வயலுக்கும் ஒரு நாள் கிடை கேட்கிறது. பூவிழியைக் கைபிடித்துக் கூட்டிக்கொண்டு உன் மாமா இந்த வயலுக்கும் அந்த வயலுக்கும் நடக்கிறார். பின்னாலேயே ஊர்வலம்.

இன்னொரு நல்லது, இந்தக் கூட்டம் இருக்கும் பக்கம் ஒத்தக்கொம்பன் தலைகாட்டுவதில்லை. வால் அடி பட்டால் அதற்கும் எலும்பு முறியும் அல்லவா? அதனால் நிம்மதியாகத் தூங்கு.

செந்தாமரை


வேதாரண்யம்
ஜூன் 2

அக்கா,

மூவருக்கும் என் அன்பு. இங்கே அவருக்குச் சளி, எனக்கு ஒன்றும் இல்லை.

சிரிப்பும் வருகிறது, பயமாகவும் இருக்கிறது. போகட்டும், நல்ல செய்தி இருக்கிறது. ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை மட்டும் வெளியே கொண்டுவர இரும்புக் கவசம் போட்ட வண்டி ஒன்றை அனுப்புகிறார்கள். ஜூன் 10 காலையில் உங்கள் பள்ளிக்கூட வாசலுக்கு வரும். பூவிழி பெயர் இருக்கிறது. நான் கண்ணால் பார்த்தேன்.

அவளைக் குளிப்பாட்டி, அந்த மஞ்சள் கவுனைப் போட்டு அனுப்பு. நான் தென்கரையிலேயே நிற்பேன். அவளிடம் அம்மா நிற்கிறாள் என்று சொல். வேறு எதுவும் சொல்ல வேண்டாம், அதுவே போதும், வந்துவிடுவாள்.

சுடர்


நாணல்திட்டு
ஜூன் 18

அன்புள்ள சுடருக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். மாப்பிள்ளைக்குத் தூதுவளை ரசம் வைத்துக்கொடு.

பூவிழிக்கு வண்டி வந்த அன்று உடம்பு கொஞ்சம் சுட்டது. அனுப்ப முடியவில்லை. இப்போது தேவலை. அடுத்த தடவை பார்க்கலாம்.

காவேரியில் தண்ணீர் வந்துவிட்டது. குறுவை விதைத்தாயிற்று. நாற்றங்கால் இத்தனை கறுப்புப் பச்சையாக முளைத்து நான் பார்த்ததே இல்லை. பஞ்சநதம் வீட்டிலிருந்து தினமும் பூவிழிக்குப் பால் வருகிறது. நாம் கேட்கவில்லை, அவராகவே அனுப்புகிறார். பழைய பஞ்சாயத்துத் தலைவர் அல்லவா, பொறுப்பு அதிகம். நம் வாசலில் இரண்டு பேர் எப்போதும் உட்கார்ந்திருக்கிறார்கள், பாதுகாப்புக்கு. நான் கடைத்தெருப் பக்கம் போனால் பிள்ளையை விட்டுவிட்டுப் போகச் சொல்கிறார்கள், வெயிலாம்.

இட்லி என் இடுப்பு உயரம் வந்துவிட்டது. வேறு விசேஷம் இல்லை.

செந்தாமரை


வேதாரண்யம்
ஜூன் 30

அக்காவுக்கு,

நலம் விசாரிக்கிற மனசு எனக்கு இல்லை.

வண்டியில் வந்த மற்றப் பிள்ளைகளின் தாய்மார்களைப் பார்த்தேன். பூவிழிக்குக் காய்ச்சலே இல்லை என்கிறார்கள். மஞ்சள் கவுன் போட்டுப் பள்ளிக்கூட வாசல் வரைக்கும் வந்தாளாம். பிறகு திரும்பிப் போய்விட்டாளாம். யார் திருப்பினார்கள் என்று கேட்டால் தங்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். பொழுது சாயும் வரைக்கும் நான் கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நீ எனக்குப் பொய் எழுதினாய். சின்ன வயதில் அப்பாவிடம் எனக்காகப் பொய் சொல்வாய், என்னிடம் சொன்னதில்லை. உனக்குப் பிள்ளை இல்லை. அதற்காக என் பிள்ளையை வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்துவிட்டாயா?

நிவாரண அரிசி கொண்டுவரும் படகுகளில் எங்கள் பக்கத்து மீனவர்களையும் சேர்த்திருக்கிறார்கள். அவர் தன் பைபர் படகை லாரியில் ஏற்றித் திருவையாற்றுக்குக் கொண்டுவந்துவிட்டார். இனி உன்னைக் கேட்டு ஆகப்போவது ஒன்றும் இல்லை.

சுடர்விழி


நாணல்திட்டு
ஜூலை 22

என் சுடருக்கு,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. பதில் எழுத உட்கார்ந்தேன், அந்த ஒரு வரியைத் தாண்டி வர முடியவில்லை. வலித்தது. பாதி நிஜமாக இருப்பதால் வலித்தது. காலையில் அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு எழுந்திருக்கும்போது, இந்தப் பாலம் திறக்காவிட்டால்தான் என்ன என்று ஒரு நாள் தோன்றியது. ஒரே ஒரு நாள். அதற்காக நீ எவ்வளவு திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன்.

ஆனால் அவளைத் திருப்பியது நான் இல்லை. வண்டி வருவதற்கு முந்தின நாள் பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். பஞ்சநதம் பேசினார். "யாரும் புள்ளைய ஒண்ணும் பண்ணப் போறதில்லம்மா. தங்கத் தட்டுல வச்சுப் பாத்துக்குவோம். ஆனா அது போச்சுன்னா குஞ்சுங்க பின்னாலயே போவும். குஞ்சுங்க போனா கூட்டம் போவும். கூட்டம் போனா ஒத்தக்கொம்பன் உள்ள வந்துருவான். இத்தன உசுரு இருக்கு. நீயே ஒரு வழி சொல்லு." அவர் சொன்னதில் தப்பு இல்லை, அதுதான் கொடுமை. உன் மாமாவைப் பார்த்தேன். "கொஞ்ச நாளைக்குத்தான் தாமரை" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டே. நான் கேட்காமல் மறுநாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனேன். வண்டிக் கதவருகே வாங்கிக்கொண்டுவிட்டார்கள். பால் கொடுத்துவிடுகிற பஞ்சநதமும் வாசலில் உட்கார்ந்திருக்கிற இருவரும் எதற்கென்று இப்போது உனக்குப் புரியும். ட்ரோன் பையை அவர்தான் கட்டுவார், அதனால்தான் அப்படி எழுதினேன். இந்தக் கடிதத்தை அம்சம் அக்கா அரிசிப் படகில் நேராக மாப்பிள்ளை கையில் சேர்ப்பாள்.

இப்போது கவனமாகப் படி. போன வாரம் பூவிழி தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய செருப்பைச் சேறு போக வாய்க்காலில் கழுவினேன். தண்ணீரைப் பிழிய அழுத்தினேன். கீச்சென்றது. இட்லியும் வடையும் சட்னியும் பிள்ளையை விட்டுவிட்டு என்னிடம் ஓடிவந்தன. பெரியவையும் திரும்பின. முட்டைக்குள் இருக்கும்போதே அவை கேட்டது பிள்ளையின் குரல் இல்லை சுடர், அவள் செருப்பின் சத்தம். இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நம்புவார்களா, பிள்ளையை வைத்துச் சோதித்துப் பார்ப்பார்களா, தெரியாது.

ஆடிப் பதினெட்டு அன்று பெண்கள் காவேரிக்குக் காப்பரிசி படைக்கப் படித்துறைக்குப் போவார்கள். ஆண்கள் வரமாட்டார்கள். அம்சம் அக்கா பூவிழியைத் தூக்கிக்கொண்டு போனால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். பிள்ளை வெறுங்காலோடுதான் வருவாள். மாப்பிள்ளையை வெயில் ஏறுவதற்குள் அங்கே நிற்கச் சொல். நான் செருப்போடு வடக்கே கொள்ளிடம் பக்கம் நடப்பேன். நான் நினைத்தது தப்பாக இருந்தால் மொத்தக் கூட்டமும் பிள்ளை பின்னால் படித்துறைக்கு வந்துவிடும். அப்படி வந்தால் அவர் கரையைத் தொடாமல் திரும்பிவிட வேண்டும். இதை அவரிடம் இரண்டு தடவை சொல்.

செந்தாமரை


வேதாரண்யம்
ஆகஸ்ட் 6

அக்கா, என் அக்காவுக்கு,

பிள்ளை என் மடியில் இருக்கிறாள். எடை கூடியிருக்கிறாள். நீ உயிரோடு இருப்பதாக அரிசிப் படகுக்காரர்கள் சொன்ன பிறகுதான் இதை எழுதுகிறேன். அதற்கு முன் பேனாவைப் பிடிக்க முடியவில்லை.

உனக்குத் தெரியாததை எழுதுகிறேன். படகு படித்துறையை நெருங்கும்போது அம்சம் அக்கா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடிவந்திருக்கிறாள். பிள்ளை "செப்பு, செப்பு" என்று கத்தியிருக்கிறது. மூங்கில் தோப்புக்கு மேலே கழுத்துகள் எல்லாம் நின்றன என்று பூவிழி அப்பா சொல்கிறார். இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தெரியாமல் நின்றன. அவர் மோட்டாரை அணைத்துவிட்டார். அப்போது வயல்களுக்கு அப்பாலிருந்து கீச் கீச்சென்று கேட்டதாம். ஒவ்வொரு கழுத்தாக வடக்கே திரும்பிப் போயிற்று.

கூட்டம் விலகியதும் காலியான கரையில் ஒத்தக்கொம்பன் வந்துவிட்டது. பெண்கள் எல்லாரும் அம்மன் கோயிலுக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அம்சம் அக்கா பிள்ளையைப் படகுக்குள் எறிந்தாள். எறிந்தாள் என்றுதான் அவர் சொல்கிறார், பந்தைப் பிடிப்பது போலப் பிடித்திருக்கிறார். ஒத்தக்கொம்பன் மார்பளவு தண்ணீருக்குள் இறங்கி வாயைத் திறந்தது. துடுப்பால் அதன் மூக்கில் ஒரு போடு போட்டிருக்கிறார். துடுப்பு பாதிதான் திரும்பி வந்தது. ஆழம் வந்ததும் அது நின்றுவிட்டது. அம்சம் அக்கா படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டே நீந்தி வந்தாள். "இந்த வயசுல எனக்கு இது தேவையா"ன்னு தென்கரை வரைக்கும் இவரை ஏசிக்கொண்டே வந்தாளாம். இப்போது எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள், மீன்குழம்பில் புளி போதவில்லை என்கிறாள்.

நான் எழுதிய அந்த வரியை அழிக்க முடியாது. நீ அதை வைத்திருந்தால் கிழித்துப் போடு. நீயும் மாமாவும் வந்துவிடுங்கள் அக்கா. வேறு எதுவும் எனக்கு வேண்டாம்.

உன் சுடர்


நாணல்திட்டு
செப்டம்பர் 4

அன்புள்ள சுடருக்கு,

எல்லாரும் நலமா? பூவிழி இரவில் போர்வையை உதைத்துவிடுவாள், பார்த்துக்கொள். எனக்கு ஒரு குறையும் இல்லை. உன் மாமா உங்களை எல்லாம் ரொம்பக் கேட்டதாக எழுதச் சொன்னார்.

ஊர் என்னை ஒன்றும் செய்யவில்லை. பஞ்சநதம் முதலில் கம்பை ஓங்கிக்கொண்டுதான் வந்தார். கூட்டம் என் பின்னால் அமைதியாக நடந்துவருவதைப் பார்த்ததும் கம்பை ஊன்றிக்கொண்டு நின்றார். "செருப்பு யார் கையில இருந்தா என்ன, ஊரு நல்லா இருந்தா சரி" என்று போய்விட்டார். இப்போது எனக்குப் பால் வருகிறது.

கொள்ளிடத்தில் உபரித் தண்ணீர் திறந்துவிட்டார்கள். மணல் பள்ளம் மூழ்கியது, அந்தக் காற்றாட்டம் நின்றுபோயிற்று. இனி ஒன்றும் வராது. வந்தவையும் போக முடியாது, பாவம். இப்போது ஊர்க்காரர்களைப் படகில் கொஞ்சம் கொஞ்சமாகத் தென்கரைக்குக் கொண்டுபோகிறார்கள். நாங்களும் குறுவை அறுவடையை முடித்துக்கொண்டு வருகிறோம். விளைந்து கிடக்கிறதை விட்டு வர மனசு வரவில்லை, உன் மாமாவைத்தான் உனக்குத் தெரியுமே.

செந்தாமரை


வேதாரண்யம்
செப்டம்பர் 20

அக்கா,

நேற்று மதியம் வாசலில் ஒரு ஆள் பையோடு நின்றார். தாடியில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. மாமா. ஊரில் கடைசிப் படகில் ஏறியவரே அவர்தானாம். நீ போன கடிதத்தை எழுதும் முன்பே அவர் தென்கரை முகாமுக்கு வந்துவிட்டார். உன் கடிதத்தை அவர் முன்னால்தான் படித்தேன். அவர் எங்களைக் கேட்டதாக எழுதியிருந்தாய். அதைக் கேட்டதும் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

"நான் இருக்கேன்னுதான் சொன்னேன், அவ கேக்கல. எம் மூஞ்சியப் பாக்கவே அவளுக்குப் புடிக்கல போலருக்கு"ங்கிறார். அன்று கூட்டத்தில் ஊரோடு சேர்ந்துகொண்டதை நினைத்துச் சொல்கிறார். சோறு இறங்கவில்லை. சகலை இரண்டு பேரும் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

நீ தனியாக இருக்கிறாய். அந்த மொத்த ஊரிலும் தனியாக இருக்கிறாய். செருப்பை எறிந்துவிட்டு வா அக்கா. அவை எப்படியோ போகட்டும். உன்னை என்ன அவற்றுக்குக் கட்டியா கொடுத்திருக்கிறது?

சுடர்


நாணல்திட்டு
அக்டோபர் 5

என் சுடருக்கு,

நீங்கள் எல்லாரும் சுகமாக இருப்பதில்தான் என் சுகம். உன் மாமாவிடம் எனக்குக் கோபம் இல்லை என்று சொல். இருந்தது, இப்போது இல்லை. அவருடைய முட்டியோடு இங்கே ஓட முடியாது, அதனால்தான் அனுப்பினேன். தாடியை எடுக்கச் சொல்.

எறிந்துவிட்டு வா என்கிறாய். செய்துபார்த்தேன். செருப்பைக் கொட்டகையில் மாட்டிவிட்டு வெறுங்கையோடு படித்துறைக்குப் போய், என்னைக் கூட்டிப்போக வந்த படகில் ஒரு கால் வைத்தேன். சட்னி கத்த ஆரம்பித்தது. பிறகு மூன்றும். அந்தச் சத்தத்துக்குப் பெரியவை எல்லாம் தேடிக்கொண்டு ஓடிவந்தன. தென்னைகள் சரிந்தன. ஆற்றை அவை நாலு எட்டில் தாண்டிவிடும். அக்கரையில் திருக்காட்டுப்பள்ளிப் பள்ளிக்கூட மணி அடித்துக்கொண்டிருந்தது. படகுக்காரர் என் முகத்தைப் பார்த்தார், நான் காலை எடுத்துவிட்டேன். அழுதேன் சுடர், உன்னிடம் மறைத்து என்ன? படித்துறையில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். ஈரக் காலோடு திரும்பிப் போய் ஒரு கீச்சு. எல்லாம் அடங்கிவிட்டன.

இட்லிக்கு என்னைப் பார்க்கக் குனிய வேண்டியிருக்கிறது. குறுவை முற்றி உதிர்கிறது, ஒற்றை ஆளாக எவ்வளவு அறுப்பது? அப்பா பார்த்தால் விளைச்சலுக்குச் சந்தோஷப்படுவதா உதிர்வதற்கு அழுவதா என்று தெரியாமல் நிற்பார்.

ஐப்பசி மழை முன்கூட்டியே வந்துவிட்டது. இடது கால் செருப்பு ஊமையாகிவிட்டது. வலதும் கொஞ்சம் கம்மித்தான் கத்துகிறது, தண்ணீர் புகுந்திருக்கும். அதனால் அதை வீணாக அழுத்துவதில்லை. ஒத்தக்கொம்பன் இப்போது நம் வாய்க்கால் வரைக்கும் வந்து நின்றுவிட்டுப் போகிறது. மற்றபடி இங்கே விசேஷம் ஒன்றும் இல்லை.

பூவிழிக்கு என் முத்தம்.

செந்தாமரை


வேதாரண்யம்
அக்டோபர் 14

என் அக்காவுக்கு,

எல்லாரும் இருக்கிறோம். மாமா தாடியை எடுத்துவிட்டார். தீபாவளி வருகிறது.

உன் கடிதத்துக்குப் பதிலாக, வா வா என்று பக்கம் பக்கமாக எழுதினேன். எழுதி, கிழித்துப் போட்டுவிட்டேன். இந்தப் பார்சலை ட்ரோனில் அனுப்ப ஐந்தாறு பேர் காலில் விழ வேண்டியிருந்தது. மாமாதான் விழுந்தார்.

உள்ளே இருப்பவை கீச்சுச் செருப்புகள். கிடைத்ததெல்லாம் வாங்கிவிட்டோம். மழை புகாமல் இருக்கப் பூவிழி அப்பா ஒவ்வொன்றையும் மீன்வலையை மூடி வைக்கிற பிளாஸ்டிக் தாளில் தனித்தனியாகச் சுற்றியிருக்கிறார். இதை அனுப்பினால் நீ வரமாட்டாய் என்று எனக்குத் தெரியும். அனுப்பாமல் இருந்துபார்க்கத்தான் நினைத்தேன். முடியவில்லை அக்கா.

கடைக்காரர் பூவிழியைப் பார்த்துவிட்டு, "ஒரு புள்ளைக்கு எதுக்கும்மா இத்தன ஜோடி?" என்று கேட்டார். எங்க அக்காவுக்கு மூணு புள்ளைங்க, ரொம்ப வேகமா வளருதுங்க என்றேன். பூவிழி ஒன்று விடாமல் காதில் வைத்து அழுத்திப் பார்த்துத்தான் பைக்குள் போட்டாள். தனக்கு ஒன்று வேண்டும் என்று கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தென்கரைக்கு வருகிறோம், வேலி ஓரமாக நிற்போம். கடிதம் எழுத நேரமில்லாவிட்டால் பரவாயில்லை. அந்த நேரத்துக்குக் கரைப் பக்கம் வந்து ஒரு தடவை அழுத்து.

உன் சுடர்